வாசகர் கேள்வி பதில்: விறகு அடுப்பும் ஓக் பலகை நிலமும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விறகு அடுப்பைப் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். 2025 மார்ச் கடைசியில் பெய்த உறைமழை ஒன்ராறியோவின் பீற்றர்பரோ, ஒறிலியாப் பக்கமெல்லாம் மின்கம்பிகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 2013 கிறிஸ்மஸ் நேரத்தில் ரொறன்ரோவில் இருட்டுக்குள் இருந்தவர்களுக்கு அந்த ஞாபகமும் சேர்ந்து வந்திருக்கும். இருபத்தைந்து வருடம் அடுப்பும் புகைக்கூடும் பொருத்தித் திரிந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கம் போய்விடும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணை, ஸ்காபரோவில் முப்பது வருடம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் பீற்றர்பரோவில் 1956இல் கட்டின செங்கல் வீடு ஒன்றை வாங்கினோம். ஹோலில் பழைய செங்கல் ஃபயர்பிளேஸ் இருக்கிறது. உறைமழையில் ஐந்து நாள் கரண்ட் இல்லாதபோது அதில் விறகு எரித்தோம். முகம் சுட்டது, முதுகு விறைத்தது. இப்போது அதற்குள் தள்ளி வைக்கிற இரும்பு அடுப்பு, அதுதான் இன்சேட், ஒன்று போட யோசிக்கிறோம். கடைக்காரர் வந்து அளந்துவிட்டு, “முன்னால் நிலத்துக்கு ஏதாவது செய்யவேண்டி வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிலம் முழுக்க ஓக் பலகை. போன கோடையில்தான் மனைவி அதை உரஞ்சி வார்னிஷ் அடிப்பித்தவ. ஃபயர்பிளேஸுக்கு முன்னால் 16 அங்குலத்துக்கு ரைல்ஸ் பதித்திருக்கிறது. அது போதாதா? ஒரு தகடு வாங்கிப் போட்டால் சரியா? இருநூறு கிலோ சாமானை அந்த நிலத்துக்கு மேலால் கொண்டுவருவது எப்படி?
(வாசகர், பீற்றர்பரோ)

பதில்: தம்பி, அந்த 16 அங்குலம் சும்மா வந்த கணக்கில்லை. திறந்த செங்கல் ஃபயர்பிளேஸுக்கு முன்னால் 400 மில்லிமீற்றரும் இரண்டு பக்கமும் 200 மில்லிமீற்றரும் எரியாத தளம் வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது. 400 மில்லிமீற்றர் என்றால் ஏறக்குறைய 16 அங்குலம். உங்கள் வீட்டைக் கட்டின மேசன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். ஆனால் அவன் அளவு நாடாவைப் பிடித்தது செங்கல் முகப்பில். அன்றைக்கு நெருப்பு அந்த முகப்புக்கு உள்ளே இருந்தது.

இன்சேட் வந்ததும் நெருப்பு இடம் மாறுகிறது. பெரும்பாலான இன்சேட்டுகள் முகப்பைத் தாண்டிச் சில அங்குலம் ஹோலுக்குள் எட்டிப் பார்க்கும். நீங்கள் கதவைத் திறந்து விறகு வைக்கும்போது தணல் விழப்போவது அந்தக் கதவடியில். ஆகவே அளவும் கதவிலிருந்துதான் தொடங்கும். கனடாவில் விறகு அடுப்புப் பொருத்துவதற்கான சி.எஸ்.ஏ. பி365 விதிப்படி, விறகு போடும் கதவுக்கு முன்னால் 450 மில்லிமீற்றர், அதாவது 18 அங்குலம். மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீற்றர், 8 அங்குலம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். நீங்கள் பார்த்து வைத்த அடுப்பு 7 அங்குலம் வெளியே வருகிறது என்று வையுங்கள். 16இல் 7 போனால் மிச்சம் 9. தேவை 18. இன்னும் 9 அங்குலம் ஓக் பலகை திறந்து கிடக்கிறது, அதுவும் தணல் விழுகிற இடத்திலேயே. கடைக்காரர் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போனது இதைத்தான். அகலம் பெரும்பாலும் பிரச்சினை தராது. ஆனாலும் அளந்து பாருங்கள்: வெளியே நிற்கும் அடுப்பு 28 அங்குல அகலம் என்றால் பக்கத்துக்கு 8 சேர்த்து 44 வேண்டும்.

காசு கொடுக்க முதல் அந்த மொடலின் பொருத்தும் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். இணையத்திலும் கிடைக்கும். அதில் அமெரிக்காவுக்கு ஒரு நிரல், கனடாவுக்கு ஒரு நிரல் என்று இரண்டு இருக்கும். அமெரிக்க நிரலில் முன்பக்கம் 16 அங்குலம் என்று கண்டதும் “எங்களிடம் 16 இருக்கிறதே” என்று சந்தோஷப்பட்டு, பிறகு பரிசோதகர் வந்த நாளில் முகம் வாடினவர்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தகம் விதியைவிடக் கூடக் கேட்டால் புத்தகம் சொல்வதே சட்டம்.

சரி, அந்த 9 அங்குலத்துக்கு ஒரு தகடு போதுமா? இங்கேதான் பலர் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று தணல் விழுவது. மற்றது சூடு இறங்குவது. தணலுக்கு மட்டும் என்றால் இடைவெளி இல்லாத, எரியாத எதுவும் போதும்: தகடு, பூச்சு நிரப்பின ரைல்ஸ், சாந்து வைத்துப் பதித்த செங்கல். சில அடுப்புகள் அவ்வளவுதான் கேட்கும். வேறு சில, முக்கியமாக அடி தாழ்ந்து நிலத்தோடு கிட்ட நிற்பவை, கீழேயுள்ள பலகைக்குச் சூடு போகாமல் தடுக்கவேண்டும் என்று கேட்கும். புத்தகத்தில் அது “ஆர்” (R) என்ற எழுத்தும் ஒரு இலக்கமுமாக இருக்கும். இலக்கம் கூடினால் தடுப்பும் கூட என்று அர்த்தம். ஆர் எதுவும் குறிப்பிடாமல் தணல் தடுப்பு மட்டும் என்று எழுதியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஆர் கேட்டிருந்தால், கல்லை நம்பாதீர்கள். ஒரு அங்குலக் கருங்கல் பாளம் போட்டுவிட்டேன், கீழே ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் ஊரில் வெயிலுக்குள் கிடந்த அம்மியில் இருந்து பார்த்ததில்லை. கல் சூட்டைப் பிடித்து அப்படியே அடிக்குக் கடத்தும். கிரானைட், மாபிள், ரைல்ஸ் எல்லாம் தணலுக்குச் சிங்கம், சூட்டுக்குச் சல்லடை. சாதாரணச் செங்கல்லே அங்குலத்துக்கு ஏறக்குறைய 0.2 ஆர்தான் தரும். சூட்டைத் தடுப்பது ரைல்ஸுக்குக் கீழே இருக்கிற படைதான்: சீமெந்துப் பலகை, அல்லது அதைவிட நன்றாகத் தடுக்கிற கனிம நார்ப் பலகை. கணக்கும் சுகம். பலகையின் விவரத் தாளில் கே (k) என்று ஒரு இலக்கம் இருக்கும், பலகை எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்பது அது. தடிப்பை அங்குலத்தில் எடுத்து அந்தக் கேயால் வகுத்தால் ஆர். கே 2 ஆன பலகை ஒரு அங்குலத் தடிப்பு என்றால் ஆர் 0.5. புத்தகம் ஆர் 1 கேட்டால் இரண்டு அங்குலம் வேண்டும். அப்போது ஹோல் நடுவில் இரண்டு அங்குல மேடு, இரவில் தண்ணீர் குடிக்க எழும்புபவரின் கால்விரலுக்கு வேட்டு. கே குறைந்த பலகையைத் தேடுவது அதனால்தான்.

இன்னொரு வழி, ஓக் பலகையை அந்த அளவுக்கு நேர்கோட்டில் வெட்டி எடுத்துவிடுவது. பழைய ஓக் பலகை முக்கால் அங்குலத் தடிப்பு. அடிப்பலகை வரைக்கும் இறங்கினால் அந்த முக்கால் அங்குலம் உங்களுக்கு இலாபம். அதற்குள் தடுப்புப் பலகையை வைத்து, மேலே ரைல்ஸ் பதித்து, விளிம்புக்கு ஓக் சட்டம் அடித்தால் வீடு கட்டின காலத்திலேயே இருந்தது போலத் தெரியும். தங்கச்சியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். வார்னிஷ் அடித்த நிலத்தை வாளால் வெட்டுவது என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும். வெட்டின துண்டுகளை எறியவேண்டாம். அதே மரம், அதே வயது, பிறகு எங்கேயாவது ஒட்டுப்போட உதவும்.

வெட்ட முதல் ஒரு வேலை. டோர்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு இறங்கி, ஃபயர்பிளேஸுக்கு நேர் கீழே அண்ணாந்து பாருங்கள். அந்தக் காலத்தில் முன் தளத்துக்குக் கொங்கிறீற் ஊற்ற அடியில் பலகை அடிப்பார்கள். கொங்கிறீற் இறுகினபின் அதைக் கழற்றவேண்டும். பலர் கழற்றாமல் விட்டுவிட்டார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. லின்ட்சேப் பக்கம் ஒரு வீட்டில் நான் கையை உயர்த்தி அந்தப் பலகையைத் தட்டினேன். சத்தம் மரம் மாதிரி வரவில்லை, வெறும் கோதாகக் கேட்டது. விரல் நகத்தால் சுரண்டினேன். கறுப்பாக, சதுரம் சதுரமாக வெடித்து, எரித்த சிரட்டை போல உதிர்ந்தது. அந்த வீட்டில் ஒருபோதும் தீப்பிடித்ததில்லை. வருடக்கணக்காக மேலிருந்து இறங்கின சூடு மட்டும்தான். புதுப் பலகை பற்ற 250 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். நெடுங்காலம் சூட்டில் காய்ந்து கருகின பலகைக்கு அவ்வளவு தேவையில்லை, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றலாம். அப்படி ஏதாவது கண்டால் அடுப்பு வாங்கும் யோசனையை நிறுத்திவைத்து, முதலில் அதைக் கழற்றுங்கள்.

வெளியே நீட்டாத, முகப்போடு மட்டமாக நிற்கிற இன்சேட் வாங்கினால் இந்த நிலப் பிரச்சினை குறையுமே என்று கேட்பீர்கள். குறையும். ஆனால் நீங்கள் அடுப்புத் தேடுவது கரண்ட் இல்லாத நாளுக்காக. மட்டமாக நிற்கும் அடுப்பு சூட்டை வெளியே தள்ள மின்விசிறியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. விசிறி நின்றால் பாதிச் சூடு செங்கல்லுக்குள்ளேயே கிடக்கும். ஏழு அங்குலம் வெளியே நிற்பது விசிறி இல்லாமலே தன் மேற்பக்கத்தாலும் பக்கவாட்டாலும் ஹோலைச் சூடாக்கும், கேத்திலும் வைக்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நிலத்தை வெட்டிவிட்டு வெளியே நிற்பதையே வாங்குவேன்.

இனிக் கொண்டுவருகிற கதை. அடுப்பு வாசலுக்கு வந்ததும் கதவைக் கழற்றுங்கள், விசிறியைக் கழற்றுங்கள், உள்ளே அடுக்கியிருக்கும் நெருப்புச் செங்கல்லை எடுங்கள். எடுக்க முதல் ஒரு படம் பிடித்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் எந்தத் துண்டு எங்கே என்று பிறகு மண்டையைப் பிய்ப்பீர்கள். இருபது செங்கல் இருந்தால் அதுவே 30 கிலோவுக்கு மேல்.

நிலத்தை முதலில் வக்கியூம் பண்ணுங்கள். இதைச் சொன்னால் என்னுடன் வேலை செய்த பெடியன்கள் சிரிப்பார்கள். ஒருமுறை நாங்கள் வாசலிலிருந்து ஃபயர்பிளேஸ் வரைக்கும் அரை அங்குலப் பிளைவூட் விரித்து, அதற்கு மேலால் வண்டியில் அடுப்பை உருட்டி, ஒரு கீறல் இல்லை என்று வீட்டுக்காரருக்குக் காட்டப் பிளைவூட்டைத் தூக்கினோம். நடுவில் மூன்று அடி நீளத்துக்கு நகத்தால் கீறினது போல ஒரு வெள்ளைக்கோடு. கோட்டின் முனையில் ஒரு சிறு கல், வீதிக்குப் போடுகிற உப்போடு சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடலைப் பருப்பிலும் சின்னது. பாரம் மேலே ஏற ஏறப் பிளைவூட் அசைந்து அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கோட்டுக்காக ஒரு முழு ஹோலையும் உரஞ்சிக் கொடுத்தோம்.

ஆகவே வக்கியூம், பிறகு தடித்த கடதாசி, அதற்கு மேல் பிளைவூட். பிளைவூட் துண்டுகளை ஒன்றோடொன்று ரேப் பண்ணலாம், நிலத்தோடு ஒட்டவேண்டாம், உரிக்கும்போது வார்னிஷும் சேர்ந்து வரும். எண்ணெய் வார்னிஷ் முழுதாக இறுக ஒரு மாதம் வரை எடுக்கும். உங்களுடையது போன கோடையில் அடித்தது, பயமில்லை. போர்வை விரித்து அதில் இழுப்பவர்களும் உண்டு. வழுக்கும், இருநூறு கிலோ வழுக்கினால் நிற்பாட்ட ஆளில்லை. ரைல்ஸ் விளிம்பில் சில்லு ஏறும் இடத்தில் ஒரு மரத் துண்டைச் சரிவாக வையுங்கள். அங்கேதான் ரைல்ஸ் உடைவது.

அப்புறம் புகைக்கூட்டுக்குள் லைனர், அதாவது புகை போகிற இரும்புக் குழாய், இறக்கும் நாள். பழைய டாம்பரை, அதுதான் புகைக்கூட்டை மூடித் திறக்கிற தகட்டை, வெட்டும்போதும் லைனர் உரசி இறங்கும்போதும் அறுபது வருடக் கரி உங்கள் ஹோலுக்குள் பொழியும். பிளாஸ்ரிக் விரிப்பைச் சுவர் வரைக்கும் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஓக்கின் இடுக்குக்குள் கரி இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது.

கடைசியாக, நகரசபையின் கட்டட அனுமதி எடுங்கள். காப்புறுதிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் பெரும்பாலும் வெற் (WETT) என்ற விறகு அடுப்பு வேலைச் சான்றிதழ் உள்ளவரின் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருப்பது ஒன்ராறியோவில் 2014இலிருந்து கட்டாயம்.

கேள்வி: எங்கள் வீட்டு நிலம் லமினேற். விறகு அடுப்புக்கு முன்னால் லமினேற்றுக்கு மேலேயே பசை பூசி ரைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று அத்தான் சொல்கிறார். அவர் தன் குசினிக்கு அப்படித்தான் செய்தவராம்.
(வாசகி, ஏஜாக்ஸ்)

பதில்: அத்தானின் குசினி ரைல்ஸ் இன்னும் வெடிக்கவில்லையா? பிள்ளை, லமினேற் என்பது நிலத்தில் ஆணி அடிக்காமல் மிதந்து கிடக்கிற நிலம். மாரிக்குச் சுருங்கும், கோடைக்கு விரியும். மேலே ஒட்டின ரைல்ஸ் அதோடு அசைய முடியாமல் பூச்சில் வெடிக்கும். தணலுக்கு அந்த வெடிப்புப் போதும், கீழே இருக்கிற கடதாசிப் படைக்குள் போய் உட்கார்ந்துவிடும். லமினேற்றை அளவாக வெட்டி எடுத்து, அடிப்பலகையில் சீமெந்துப் பலகையைத் திருகாணியால் இறுக்கி, அதற்கு மேல் ரைல்ஸ். வெட்டின விளிம்புக்கும் ரைல்ஸுக்கும் நடுவில் லமினேற் விரிய ஒரு சின்ன இடைவெளி விட்டு உலோகச் சட்டத்தால் மூடுங்கள். காபற்றுக்கு மேல் தகடு போடுவதும் இதே மாதிரித்தான். அடியில் ஆடாத தாங்குதளம் இல்லாமல் போட்டால் மிதிக்க மிதிக்க நெளியும், விதியும் அதை ஏற்காது.

கேள்வி: ஸ்காபரோவில் 1988இல் கட்டின டவுன்ஹவுஸ். ஃபயர்பிளேஸ் இருக்கிறது, உள்ளே பார்த்தால் செங்கல் மாதிரித் தெரிகிறது, தட்டினால் தகரச் சத்தம். இன்சேட் போடலாமா?
(வாசகர், ஸ்காபரோ)

பதில்: தட்டிப் பார்த்தது நல்லது. அது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து சுவருக்குள் வைத்த தகரப் பெட்டி, செங்கல் என்பது அச்சு. மரச் சட்டங்கள் அதை உரசிக்கொண்டு நிற்கும். இன்சேட்டின் சூட்டுக்கு அது செய்யப்படவில்லை. அந்தப் பெட்டிக்கென்று பரிசோதித்து அனுமதித்த இன்சேட் இருந்தாலே ஒழிய வைக்கக்கூடாது. நிலத்தைப் பற்றி யோசிக்கிற கட்டத்துக்கே நீங்கள் வரவேண்டியதில்லை.

கேள்வி: கனடாவில், மார்க்கம் நகரில் இருக்கிற மச்சாள் முன்னால் 18 அங்குலம் இல்லாவிட்டால் வீடே எரியும் என்கிறா. இங்கே இலண்டனில் அடுப்பு வைக்க வந்தவர் 225 மில்லிமீற்றர், அதாவது 9 அங்குலம், போதும் என்கிறார். யாரை நம்புவது?
(வாசகி, ஹரோ, இலண்டன்)

பதில்: இரண்டு பேரையும். நெருப்பு ஒன்றுதான், விதி நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் ஜே ஆவணம் என்று ஒன்று உண்டு. எப்போதும் கதவை மூடி எரிக்கிற அடுப்புக்கு முன்னால் 225 மில்லிமீற்றர், திறந்தும் எரிக்கக்கூடியதற்கு 300, பக்கங்களுக்கு 150. அடுப்பு தன் கீழ்த்தளத்தை 100 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்காது என்று செய்தவர் பரிசோதித்து எழுதியிருந்தால் 12 மில்லிமீற்றர்ப் பாளம் போதும். இல்லாவிட்டால் 125 மில்லிமீற்றர்த் தடிப்பில் தளம் வேண்டும், பெரும்பாலான சண்டை இந்த இடத்தில்தான் வரும். ஆகவே வந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி 9 அங்குலம் பற்றியதில்லை, “அந்த 100 பாகைத் தாள் எங்கே” என்பது. அவர் ஹெற்றாஸ் (HETAS) என்ற, அடுப்புப் பொருத்துபவர்களைப் பதிவு செய்கிற அமைப்பில் பதிவு உள்ளவரா என்றும் கேளுங்கள். இலண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பிரதேசம், அதற்கு அனுமதி பெற்ற அடுப்பாகவும் இருக்கவேண்டும். என்னைக் கேட்டால், விதி 9 அங்குலம் என்றாலும் இடம் இருந்தால் கூட விடுங்கள். தணலுக்கு விதி வாசிக்கத் தெரியாது. மச்சாளுக்கும் ஒரு சந்தோஷம்.

கேள்வி: தீப்பிடிக்காத கம்பளம் என்று கடையில் விற்கிறார்கள். ரைல்ஸ் பதிப்பதற்குப் பதிலாக அதை விரித்தால் என்ன?
(வாசகர், ஒஷாவா)

பதில்: அது ரைல்ஸுக்கு அப்பால் தவறிப் போகிற பொறிக்கு ஒரு மேலதிக காவல். விதி கேட்கிற தளத்துக்குப் பதிலாக அதை எந்தப் பரிசோதகரும் கணக்கில் எடுக்கமாட்டார்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஊரெல்லாம் அடுப்புப் பொருத்திக்கொண்டு திரிந்த நான் என் வீட்டு ரைல்ஸ் வேலையை இரண்டு மாரிக்குத் தள்ளிப்போட்டேன். அதுவரைக்கும் கதவுக்கு முன்னால் ஒரு கம்பளம். ஒரு சனிக்கிழமை இரவு கதவைத் திறந்து கொள்ளியைப் புரட்டும்போது பாக்களவு தணல் ஒன்று விழுந்து, கம்பளத்தில் ஒருமுறை துள்ளி, அதன் விளிம்பைத் தாண்டிப் பலகையில் போய் நின்றது. கையில் இருந்த இடுக்கியால் பிடித்தேன், நழுவி உடைந்து இரண்டாகியது. இரண்டையும் எடுத்து உள்ளே போட எனக்குப் பத்து விநாடி சென்றிருக்கும். அதற்குள் பலகையில் இருபத்தைந்து சதக் காசளவில் ஒரு கறுப்பு வட்டம், பக்கத்தில் அதன் குட்டி. கம்பளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தீப்பிடிக்காத கம்பளம் அல்லவா.

அடுத்தநாள் என் மனைவி அந்த இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் சாடியைக் கொண்டுவந்து வைத்தா. வருகிறவர்கள் எல்லாரும் “சூட்டுக்குக் கறிவேப்பிலை நல்லா வளருமோ” என்று கேட்பார்கள். நான் ஓம் என்பேன். ரைல்ஸ் பதித்தபிறகும் சாடி அங்கேதான் நிற்கிறது, வட்டம் ரைல்ஸ் விளிம்புக்கு வெளியே போய்விட்டது.

கேள்வி: அடுப்புச் சாம்பலை என்ன செய்வது? ஊரில் போலச் சட்டி மினுக்க வைத்திருக்கலாமா? மரக்கறித் தோட்டத்துக்குப் போடலாமா?
(வாசகி, பிறம்ரன்)

பதில்: எடுக்கிற விதத்தை முதலில் சொல்கிறேன், நிலத்துக்கு அடுத்த ஆபத்து அங்கேதான் வருகிறது. ஆறின சாம்பல் என்று நீங்கள் நினைப்பதற்குள் தணல் மூன்று நாலு நாள் உயிரோடு கிடக்கும். பிளாஸ்ரிக் வாளி, கடதாசிப் பை, வக்கியூம், மூன்றும் கூடாது. இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, அள்ளும்போதும் வாளியை ரைல்ஸுக்கு மேலேயே வைத்து, உடனே வெளியே கொண்டுபோங்கள். மரத்தால் செய்த டெக்கில் வைக்கவேண்டாம், கராஜுக்குள்ளும் வேண்டாம். சீமெந்துத் தரையில், சுவரை விட்டுத் தள்ளி.

நன்றாக ஆறினபிறகு சட்டி மினுக்கலாம், கையுறை போட்டுக்கொண்டு. சாம்பல் காரம், கையைத் தின்னும், அலுமினியத்தையும் தின்னும். தோட்டத்துக்குக் கொஞ்சமாகத் தூவலாம், வருடத்துக்கு ஒருமுறை போதும். புளூபெரிச் செடி நிற்கிற பக்கம் மட்டும் போடவேண்டாம், அதற்குப் புளித்த மண்தான் பிடிக்கும்.